யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டு வரவும்

மகள் பெட்டியை மறுபடியும் பிரித்துப் போட்டிருந்தாள்.

காலையில்தான் மூடிப் பூட்டி, கதவோரம் சமர்த்தாக நின்றிருந்த பெட்டி அது. இப்போது கட்டில் முழுக்கத் துணி, புத்தகம், சீப்பு, சோப்புப் பெட்டி என்று கடை பரப்பியிருந்தது. நேற்றும் இதே கதைதான்.

வாசற்படியில் நின்று அதைப் பார்த்த மாஸ்டர், பூனை போலப் பின்வாங்கிச் சமையலறைக்குப் போனார்.

"பார்த்தியா? மறுபடியும் பிரிச்சுட்டா" என்றார் ரகசியக் குரலில்.

"எதை?" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பெட்டியைத்தான். போகணும்னு இருக்கறவ பெட்டியை மூடிட்டுப் போய்க்கிட்டே இருப்பா. போக மனசில்லாதவதான் திறந்து திறந்து பார்ப்பா. குழந்தைக்கு மனசு மாறிப் போச்சு. காலேஜ்ல சேர்றேன்னு சொல்லிட்டோமே, இப்ப எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு உள்ளுக்குள்ள தவிக்கிறா."

"பெட்டி கனம் தாங்கலைங்க. அதான் பிரிச்சிருக்கா. நீங்க ராத்திரி திணிச்சதையெல்லாம் வெளிய எடுத்துட்டிருக்கா."

"நான் என்ன திணிச்சேன்?"

"வண்டி கட்டி இழுக்கற கயிறு. ஹாஸ்டல்ல யாரைக் கட்டி இழுக்கப் போறா?"

"ஆபத்துக்கு உதவும்."

"நடுரோட்டுல நிறுத்தி வைக்கிற சிவப்பு முக்கோணம்?"

"நான் மனசைப் பத்திப் பேசறேன், நீ முக்கோணத்தைப் பத்திப் பேசறே" என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர், அந்தப் பாதிப் பேருக்குப் பயந்து ஓரமாக நடக்கக் கற்றவர்கள். அவருடைய பயிற்சி வண்டியில், கற்பவரின் காலடியில் ஒரு பிரேக்கும், பக்கத்து இருக்கையில் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக்கும் உண்டு. கற்பவர் மிதிக்க மறந்தால் மாஸ்டர் மிதிப்பார். தாங்கள் பிரமாதமாக ஓட்டுவதாகப் பலர் இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பதற்கு அந்த இரண்டாவது பிரேக்தான் காரணம்.

வண்டிக்குள், கற்பவரின் கண்ணுக்கு நேராக, மாஸ்டர் தன் கையால் எழுதி ஒட்டிய வாசகம் ஒன்று இருந்தது: 'யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டு வரவும்.'

அவருடைய தத்துவமே அதுதான். வண்டியை எடுத்துவிட்டால் யோசிக்கக் கூடாது. யோசிக்கிறவன்தான் நடுரோட்டில் நிற்பான், பின்னால் வருகிறவனிடம் திட்டு வாங்குவான். தயங்குகிறவனை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாராம். "வாய் பொய் சொல்லும். முகம்கூடப் பொய் சொல்லும். பிரேக் மேல இருக்கற கால் மட்டும் பொய் சொல்லாது" என்பார். இதற்கு அவர் காட்டும் ஆதாரம், கல்யாணம் நிச்சயமான ஒரு இளைஞன். பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாலே அவன் பிரேக் போடுவானாம். "இந்தக் கல்யாணம் நடக்காது" என்று மாஸ்டர் அன்றே சொன்னார். நடக்கவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வேகத்தடை இருந்ததை மனைவி எடுத்துச் சொன்னாள். தத்துவத்துக்கு ஒத்துவராததால் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இத்தனை வருடத் தொழில் ஆளை லேசில் விடுமா? சமையலறையில் மனைவி சட்டென்று திரும்பினால் "இண்டிகேட்டர் போடாம திரும்பாதே" என்பார். கடையில் வரிசையில் முந்துகிறவரை "இடது பக்கம் ஏறாதீங்க சார்" என்று கண்டிப்பார். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன் இருக்கைக்காரரின் முதுகில் உதை விழும். எதிர் வீட்டுக்காரரின் புது வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் குறை சொல்வார். இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்திய மனைவிக்கு விருது எதுவும் கொடுக்கப்படவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் மண்ணைத் தின்றதற்காக அடி வாங்கியவள், இப்போது மண்ணைப் படிக்கப் போகிறாள். மண்ணியல் என்று ஒரு படிப்பு இருப்பதே அவள் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். அவள் அறை ஜன்னலில் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் சிவப்பு, கருப்பு, சாம்பல் என்று மண் வரிசையாக நிற்கும். மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டது. அவளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்று மாஸ்டர் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பெருமையில், அந்தக் கல்லூரியே அவர் கட்டியது என்று இரண்டு பேர் நினைத்துக்கொண்டார்கள்.

அது அப்போது. இப்போது பெட்டி திறந்து கிடந்தது.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மகளின் அறைக்குள் நுழைந்தார்.

"கண்ணு, ஒண்ணு கேட்டா ஒளிக்காம சொல்லணும்."

"சொல்லுங்கப்பா." அவள் குனிந்து பெட்டியின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலேஜ் வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லிடு. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"இல்லப்பா. நான் போறேன்."

"முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"ஜிப்பு மாட்டிக்கிச்சுப்பா. இதோ பார்க்கறேன்."

மாஸ்டர் வெளியே வந்தார். "முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறா" என்று மனைவியிடம் அறிவித்தார். "நான் சொன்னா சங்கடப்படறா. வெளியாள் ஒருத்தர் வந்து ஊக்கம் கொடுக்கணும். உங்க அண்ணனைக் கூப்பிடறேன்."

"அவரா?" மனைவியின் கத்தி நின்றது. "அவர் ஊக்கம் கொடுத்து எங்க சித்தப்பா கடையையே மூடிட்டார்."

மனைவியின் அண்ணன் ஒரு கல்லூரியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய சொற்பொழிவு ஓய்வு பெறவில்லை. பால் வாங்கப் போனாலும் மேடையில் நிற்பவரைப் போலத்தான் பேசுவார். மறுநாள் மாலை வந்து, கூடத்தின் நடு நாற்காலியில் அமர்ந்து, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அதன் சத்தம் அவருக்குப் போட்டி.

"மருமகளே! நீ எடுத்திருப்பது மகத்தான முடிவு. பாராட்டுகிறேன். ஆனால்..."

மாமாவின் பேச்சில் 'ஆனால்' என்பதுதான் தொடக்கம். அதற்கு முன்னால் வருவதெல்லாம் மைக் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது.

"ஆனால், மண்! மண்ணைப் படிக்க அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுமா? மண் எங்கும் உள்ளது. இதோ இந்த வாசலில் உள்ளது."

"பல்லு எல்லார் வாயிலயும்தான் இருக்கு மாமா. அதுக்காகப் பல் டாக்டர் காலேஜுக்குப் போகாம இருக்காரா?" என்றாள் மகள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எதிரியின் கேள்வியைப் பெருந்தன்மையோடு கடந்து, காற்றுக்கு வந்தார். மலைக்காற்று ஈரமானது. ஈரம் நெஞ்சுக்கு ஆகாது. விடுதி என்றால் கூட்டம், கூட்டம் என்றால் சத்தம், சத்தம் என்றால் தூக்கமின்மை. தூக்கமில்லாதவர்களைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பேச்சின் நீளத்தை மோப்பம் பிடித்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

மாஸ்டர் தன் மச்சானை ஊக்கம் கொடுக்கத்தான் கூப்பிட்டிருந்தார். ஆனால் மச்சான் ஒவ்வொரு குறையாக அடுக்க அடுக்க, தன்னை அறியாமல் "ஆமா... ஆமா, அதுவும் இருக்கு" என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் அப்பாவையே பார்த்தாள். "நீங்க என்னப்பா நினைக்கறீங்க?"

"நானா? நான் எதுவும் நினைக்கல. உன் இஷ்டம் கண்ணு. போ. தாராளமா போ. அங்க ஈரம் ஜாஸ்தின்னு மாமா சொல்றார், அது ஒண்ணுதான்."

அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

"பார்த்தியா? தனியா போய் உட்கார்ந்து யோசிக்கறா" என்றார் மாஸ்டர்.

"யோசிக்க வெச்சது யாரு?" என்றாள் மனைவி. அது கேள்வி என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள், குழந்தை வாய் திறந்து கேட்பதற்குள் ஒரு மாற்று ஏற்பாடு செய்துவிடுவது தகப்பனின் கடமை என்று மாஸ்டருக்குப் பட்டது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தது. அதன் முதல்வர் அம்மையார் அவரிடம்தான் வண்டி ஓட்டக் கற்றார்.

"என்ன மாஸ்டர் இது? பொண்ணு மலைக் காலேஜ்ல சேர்ந்தாச்சுன்னு சொன்னீங்களே" என்றார் முதல்வர் அம்மையார். "எனக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்கும்போது பூரா அந்தப் பெருமைதானே பேசினீங்க? அதைக் கேட்டுக்கிட்டேதான் எங்க காலேஜ் அறிவிப்புப் பலகையை நானே இடிச்சேன்."

"சேர்ந்தாச்சும்மா. இது சும்மா, பஸ்ல துண்டு போட்டு வைக்கற மாதிரி."

"எங்ககிட்ட மண்ணியல் கிடையாதே."

"வேற என்ன இருக்கு?"

"அலுவலக நிர்வாகத்துல ஒரு இடம் இருக்கு."

"அதுல மண்ணு ஏதாவது வருமா?"

முதல்வர் அம்மையார் நன்றியுள்ள மாணவி. யோசித்துப் பார்த்து, "வராந்தாவுல பூந்தொட்டி இருக்கு மாஸ்டர்" என்றார்.

நன்றியோடு மரியாதையும் உள்ளவர் என்பதால், மாலையே வீட்டுக்குப் போன் செய்து வாழ்த்தும் சொல்லிவிட்டார். எடுத்தது மகள்.

மாஸ்டர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது கூடத்தில் அம்மாவும் பெண்ணும் நீதிபதிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, நான் அலுவலக நிர்வாகம் படிக்கப் போறேனாமே?"

"அது ஒரு ஸ்டெப்னி கண்ணு. மாற்றுச் சக்கரம் இல்லாம யாராவது வண்டியை எடுப்பாங்களா?"

"ஓடற சக்கரத்தைக் கழட்டிட்டு யாராவது ஸ்டெப்னி மாட்டுவாங்களா?" என்று மனைவி சீறினாள். "உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கு என்ன? நான் அவளுக்காகத்தானே..."

"தெரியும்பா" என்றாள் மகள். சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எழுந்து வந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போன மாஸ்டர், சமையலறை வாசலில் அப்படியே நின்றார். உள்ளே மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நான் வேணும்னா ஒரு வருஷம் தள்ளிப் போடட்டுமா?"

மனைவி ஏதோ பதில் சொன்னாள். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் அது கேட்கவில்லை. ஆனால் மாஸ்டருக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது. சொன்னேனா இல்லையா! முதல் நாளே சொன்னேனா இல்லையா! வெற்றி பெற்றவராகக் கூடத்துக்குத் திரும்பினார். வெற்றி நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருந்தது. மத்தியானச் சாப்பாடு செரிக்கவில்லை என்று முடிவு செய்தார்.

கல்லூரியில் சேர்வதற்குக் கடைசி நாள் வந்தது. அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் மகள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

விடிந்ததும் மாஸ்டர் தன் தீர்ப்பை வெளியிட்டார்.

"பஸ் வேண்டாம். நம்ம வண்டியில போறோம். கண்ணுதான் ஓட்டப் போறா."

"அவ்வளவு தூரமா? அவளா?" என்றாள் மனைவி.

"லைசென்ஸ் வாங்கியிருக்கால்ல? என் மாணவி. அவ வாய் போறேன்னு சொல்லுது, மனசு வேண்டாம்னு சொல்லுது. வாயைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. இன்னைக்கு அவ காலைக் கேட்கப் போறேன். கால் போன்னு சொன்னா போறோம். பிரேக் போட்டுப் போட்டு நின்னா, திரும்பறோம். யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. கால் சொல்றதுதான் முடிவு. சம்மதமா?"

மகள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "சம்மதம்பா" என்றாள்.

பெட்டியும் மனைவியும் பின் இருக்கையில் ஏறினார்கள். மகள் ஸ்டியரிங் முன்னால் அமர்ந்து கண்ணாடிகளைச் சரி செய்தாள். மாஸ்டர் தன் வழக்கமான இடத்தில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, "ம்ம்" என்றார். வண்டி அழகாகக் கிளம்பி, தெருவைத் தாண்டி, முனையில் சடாரென்று நின்றது. பெட்டி மனைவியின் முழங்காலில் மோதியது.

"ஏன் கண்ணு நிறுத்திட்டே?"

மகள் கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். "சாரிப்பா. பூனை குறுக்கே போன மாதிரி இருந்தது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"பூனையுமில்ல, நாயுமில்ல" என்று மனைவி முன்னால் குனிந்தாள். "ஏங்க, கொஞ்சம் உங்க..."

மகள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். மனைவி வாயை மூடிக்கொண்டு, பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாள். அம்மாவுக்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது என்று மாஸ்டர் குறித்துக்கொண்டார். எல்லாரும் சேர்ந்து அவரிடம்தான் மறைக்கிறார்கள்.

ஊர் எல்லையில் 'சென்று வருக' என்ற பலகையின் கீழே வண்டி மறுபடி நின்றது.

"சாரிப்பா. நான்தான் மிதிச்சுட்டேன்."

"பரவாயில்ல கண்ணு. உன் தப்பில்ல. கால்தானே?" என்றார் மாஸ்டர் கனிவாக. ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் காலைப் பார்க்கவில்லை. நல்ல மாஸ்டர் எப்போதும் சாலையையும் மாணவர் முகத்தையும்தான் பார்ப்பார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கொஞ்ச தூரம் வண்டி பிரமாதமாகப் போனது. இரண்டு பக்கமும் வயல். மகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"அங்க லேப்ல பூமியை ஆழமாத் துளைச்சு எடுத்த மண்ணை அப்படியே தூண் மாதிரி நிறுத்தி வெச்சிருக்காங்கப்பா. அடியில இருக்கறது மனுஷனே இல்லாத காலத்து மண்ணு. ஒரு சாண் மண்ணு சேர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகுமாம்."

"அப்படியா" என்றார் மாஸ்டர். அவர் மனம் அத்தனை நீண்ட காலத்தில் இல்லை. "முதல் லீவு எப்ப விடுவாங்க?"

"தெரியலப்பா. மழைக்காலம் முடிஞ்சாத்தான்னு நினைக்கறேன்."

வண்டி தேய்ந்து தேய்ந்து மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது.

"சாரிப்பா" என்றாள் மகள், அவர் கேட்பதற்கு முன்பே.

கல்லூரியின் பெயரும் அம்புக்குறியும் போட்ட பெரிய பலகை வந்ததும் வண்டி நடுச்சாலையில் ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்து, ஒதுங்கி, பக்கத்தில் வந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏன்மா, ஹைவேயில வந்தா கத்துக்கறே? பக்கத்துல உட்கார்ந்திருக்காரே பெரிய மனுஷன், அவர் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கார்? பார்த்துச் சொல்லிக் கொடுய்யா!"

மாஸ்டரின் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை எவரும் சொன்னதில்லை. காது மடல் சிவந்தது. பின்னாலிருந்து மனைவி, "லாரிக்காரரை நல்லா வாழ்த்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வளைவுக்கு ஒரு நிறுத்தம், மேட்டுக்கு ஒரு நிறுத்தம். நிற்காத நேரத்தில் வண்டி முக்கியது, முனகியது. ஒவ்வொரு தடவையும் மகள் "சாரிப்பா" என்றாள். ஒவ்வொரு 'சாரி'யிலும் மாஸ்டருக்கு நெஞ்சு இளகியது. ஐயோ பாவம், எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு ஓட்டுகிறாள் குழந்தை!

மலை கிட்டத்தில் வந்தது. சாலை ஒரு பாலத்தை நோக்கிச் சரிவாக இறங்கியது. பாலத்துக்கு அப்பால், மேட்டின் மேல், மரங்களுக்கு நடுவே கல்லூரியின் மணிக்கூண்டு தெரிந்தது. அலுவலகம் மூட இன்னும் நேரம் இருந்தது. அந்த மணிக்கூண்டைப் பார்த்ததும் வண்டி இறங்கிக்கொண்டிருந்த சரிவிலேயே ஒட்டி நின்றுவிட்டது. ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. முன் சக்கரத்திலிருந்து மெல்லப் புகை எழுந்தது.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"போதும் கண்ணு. உன் கால் சொல்லிடுச்சு. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. திரும்பிடலாம்."

மகள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"உங்களுக்கு அதுதான் நிம்மதின்னா... சரிப்பா. திரும்பிடலாம்."

பின் இருக்கையில் மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆனா புகை வருதுப்பா. இப்படியே திருப்ப முடியாது. அதோ ஒரு மெக்கானிக் இருக்கார்."

சாலையோரத்தில், தகரக் கூரையின் கீழ், ஒரு மெக்கானிக் பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்க மனமில்லாமல் எழுந்து வந்து, சக்கரத்தருகே குந்தி முகர்ந்து பார்த்தார்.

"என்ன பிரச்சினை சார்?"

"வண்டியில பிரச்சினை இல்ல" என்றார் மாஸ்டர் ஜன்னல் வழியாக. "ஓட்டறவங்க மனசுல. சொன்னா உங்களுக்குப் புரியாது."

"மனசுக்கு இங்க பார்ட்ஸ் கிடைக்காது சார். சக்கரம் புகையுது, அதை மட்டும் பார்க்கறேன். எல்லாரும் இறங்குங்க."

மனைவி இறங்கினாள். மாஸ்டர் அசையவில்லை.

"மாணவர் ஸ்டியரிங்ல இருக்கறவரைக்கும் மாஸ்டர் தன் இடத்தை விட்டு இறங்கக் கூடாது. இது எங்க பள்ளியோட விதி."

"நல்ல விதி" என்றார் மெக்கானிக். "அப்ப பாப்பாவும் உட்காரட்டும். இன்ஜினை நிறுத்திக்கோ பாப்பா. நியூட்ரல்ல போடு. ஹேண்ட் பிரேக் இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சு அண்ணே."

"பிரேக்கை விடு. சரிவுதான், வண்டி தன்னால உருளணும்."

வண்டி உருளவில்லை. மெக்கானிக் டீ டம்ளரை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினார். மனைவி டம்ளரை வண்டியின் கூரை மேல் வைத்துவிட்டு அவளும் சேர்ந்து தள்ளினாள். வண்டி பூமியில் முளைத்ததுபோல் நின்றது.

"பிரேக்கை விடும்மா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலை எடு கண்ணு" என்றார் மாஸ்டர். வகுப்புக் குரல் அது. ஆனால் எங்கோ விரிசல் விட்டிருந்தது. "பயப்படாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன். யோசிக்காதே. மெதுவா காலை எடு."

மகள் குனிந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கி இருக்கையின் மேல் மடித்து வைத்தாள். பிறகு இன்னொரு காலையும் தூக்கி மடித்துக்கொண்டு, பந்தியில் உட்காருவதுபோல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏனோ கலங்கலாகத் தெரிந்தது. பட்டறைத் தூசி கண்ணில் விழுந்திருக்க வேண்டும்.

வண்டி இன்னும் நகரவில்லை.

மெக்கானிக் மூச்சு வாங்கியபடி சுற்றிக்கொண்டு மாஸ்டரின் ஜன்னலுக்கு வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். சம்மணமிட்டிருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு பார்வையைக் கீழே இறக்கி, மாஸ்டரின் காலடியை வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார்," என்றார் மெதுவாக. "நீங்க காலை எடுத்தா பாப்பா போயிடும்."